கழனி யாருடையது, கணக்கு யாருடையது?

‘சர்க்காரு நெலமா, பட்டா நெலமா?’ ஆர்.கே.பேட்டைப் பக்கம் சேரியில் நிலப் பேச்சு எழுந்தால் முதலில் வருகிற கேள்வி இது. படித்த தோழர்கள் இதையே தனியுடைமையா, அரசுடைமையா என்பார்கள். எதுவாக இருந்தாலும் நாம் வரப்பில்தான் நின்றோம்.

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1இல்தான் ஆந்திரத்துச் சித்தூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. வந்த மாவட்டத்தில் ஒரு பழைய வாக்குறுதி கிடந்தது. அங்கே கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை எழுத, 1892இல் அரசாணை வந்தது. அப்படித் தரப்பட்டதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது. பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு மீட்கலாம். முழுத் தனியுடைமையுமில்லை, அரசுடைமையுமில்லை. உழுகிறவன் கையில் நிலம், காக்கிற பொறுப்பு அரசின் கையில்.

காத்ததா? கடனுக்கு ஈடாக, வெறும் தாளில் கைநாட்டாக, நிலம் ஊருக்குள் போனது. காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிபந்தனையைக் காக்க வேண்டிய அரசே, அதை நினைவூட்டியவர்களைச் சுட்டது.

ஆனால் என் பெரியம்மா வேறொன்று கேட்பார்: ‘ஆத்தர அவசரத்துக்கு விக்க முடியாத நெலம் இன்னாத்துக்குடா? ஊரான் நெலத்த வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்றான். நாம மட்டும் பத்திரத்தப் பொட்டில வெச்சிக்கினு சாவணுமா?’

நியாயமான கேள்வி. விற்கிற உரிமையும் உரிமைதான். ஆனால் வாங்க வருகிறவன் ஒருவனே, அவனே வட்டிக்காரன், அவனே கூலி கொடுப்பவன் என்றால் அதற்குப் பேர் விற்பனையா? பிடுங்கல். அதேபோல, கடனும் தண்ணீரும் விதையும் தராமல் ‘விற்காதே’ என்று மட்டும் சொல்கிற அரசு காவல்காரனல்ல, வெறும் பூட்டு.

அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். நிலம் அரசுக்கு, சாதி பாராமல் கிராமத்தாருக்குக் குத்தகை, கூட்டாகப் பயிர், தண்ணீர், மாடு, கருவி, எரு, விதை அரசின் பொறுப்பு. இதைச் சாதாரணச் சட்டமாக அல்ல, பெரும்பான்மை வந்து மாற்ற முடியாதபடி அரசியல் சாசனத்திலேயே எழுதச் சொன்னார்.

ஏன்? அரசு வானத்திலிருந்து இறங்குவதில்லை. கிராமத்தில் அரசு என்பது அடங்கல் எழுதுகிற கை. அந்தக் கை ஊரின் கையாயிருக்கும்வரை, ‘அரசு நிலம்’ என்பதும் ஊரான் நிலமே.

எனவே கழனியைக் கேட்கிற நாம் கணக்கையும் கேட்போம். விற்கத் தடை மட்டும் போதாது. என் பெரியம்மா விற்காமலிருக்க முடிகிற வாழ்வு வேண்டும்.