கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

மனச்சோர்வுக்கான மாத்திரை என்னைக் காப்பாற்றியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. குளிக்க எழுந்து போவதே மலையேறுவதுபோல இருந்த காலம் அது. வகுப்பில் கரும்பலகை முன் நிற்பேன், அடுத்த வரி வராது. 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு காலையில் கண் திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். மாத்திரை தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அன்று காலை அந்த நினைப்பு வரவில்லை என்பது தெரிந்தது. அதன்பிறகு அது வராத நாட்கள் கூடிக்கொண்டே போயின.

அந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதுதான் பாடு. இந்த வகை மாத்திரைகளில் தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். இவை வேலை செய்வது செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல், உடம்பில் இருக்கும் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில்தான் இருக்கிறது. அதைத் தொடுகிற மருந்து மனதைத் தேற்றுவதற்கு முன்னால் வயிற்றைப் புரட்டிவிடுகிறது. தாளிக்கிற வாசனை பட்டாலே எனக்குக் குமட்டியது. மாமியார் நாள் தள்ளிப்போயிருக்கிறதோ என்று ஜாடையாகக் கேட்டார். வாய் வறண்டது. நடு ராத்திரி வியர்வையில் ஜாக்கெட் நனைந்துபோகும். பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் இரண்டொரு வாரத்தில் தணிந்துவிடும் என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னது "போடுங்க, சரியாயிடும்" மட்டும். "வெறும் வயித்துல போடாதீங்க டீச்சர்" என்று சொன்னவர் தெருமுனை மெடிக்கல் கடைக்காரர்.

டாக்டர்கள் ஏன் சொல்வதில்லை என்பது எனக்குப் புரிகிறது. 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் சிகிச்சையே பெறவில்லை என்று அது கண்டது. அப்படியிருக்க, தேடி வந்த சிலரையும் பயமுறுத்தி அனுப்புவானேன் என்று நினைக்கிறார்கள். மறுபக்கம் நம் வீடுகள் இருக்கின்றன. "தூக்க மாத்திரைக்கு அடிமையாயிடுவே", "மூளையை மழுங்கடிச்சிடும்", "ஒரு எட்டு குணசீலம் கோயிலுக்குப் போயிட்டு வா" என்பார்கள். என் நாத்தனாரிடம் குமட்டுகிறது என்று சொன்னால் அன்றே மாத்திரையை நிறுத்தச் சொல்வார். டாக்டரிடம் சொன்னால் சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவள் என்று நினைப்பாரோ என்று பயம். இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறோம். வாயை மூடிக்கொண்டவர்கள்தான் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லவே முடியாமல் இருந்தது படுக்கையறை விஷயம். கணவர் பக்கத்தில் வந்தால் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. மனதில் பிரியம் இருந்தது, உடம்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. உச்சம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் எண்ணிக்கொண்டார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அந்த அறைக்குள் நான் தனியாகப் போனதே கிடையாது. ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மாமியார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்பார். "இல்லீங்க டாக்டர்" என்பேன். அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிடும்.

இது என் ஒருத்தியின் கூச்சம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். ஸ்பெயினில் நடந்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களில் தாமாக முன்வந்து இந்தக் குறையைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 14 பேர். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது 58 பேர். மருந்து அதேதான், உடம்பும் அதேதான். நடுவில் இருந்தது ஒரு கேள்வி மட்டும்.

மருந்து உடம்பில் செய்கிற எதையும் அற்பம் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இந்த மருந்துகளின் வரலாறே சாட்சி. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே 1952-ல் இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் முகம் தெளிந்தார்கள், பசியெடுத்துச் சாப்பிட்டார்கள், வார்டில் ஆடக்கூடச் செய்தார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனதை ஏன் தூக்குகிறது என்று கவனித்ததில்தான் மனச்சோர்வு மருந்து என்ற வகையே பிறந்தது. கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1961-ல் அமெரிக்காவில் அதே மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு முறையும் நோயாளியின் உடம்பை யாரோ உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு ஆற மாட்டாதது இன்னொன்று. அம்மா இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை.

ஊரில் எழவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். பெற்ற மகள் வந்து இறங்கினால் அந்த அழுகை இன்னொரு முறை ஓங்கி எழும். நான் போய் இறங்கினேன், எழுந்தது. நடுவில் என்னை இழுத்து உட்காரவைத்தார்கள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன், காலில் சில்லிப்பு ஏறியிருந்தது. துக்கம் இல்லாமல் இல்லை. அது நெஞ்சுக்கு மேலே தொண்டைக்கு ஏறி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டதா, கோடித் துணி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன். "பெத்த பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணு கலங்கலையே" என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

உணர்ச்சி மழுங்குவது அபூர்வமான ஒன்று அல்ல. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நோயே சிலரை அப்படி மரத்துப்போகச் செய்யும் என்பதால், எவ்வளவு மருந்தால், எவ்வளவு நோயால் என்று பிரித்துச் சொல்வது கடினம் என்கிறார்கள் மருத்துவர்கள். என் விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நோய் உச்சத்தில் இருந்தபோது நான் காரணமில்லாமல் தினமும் அழுதவள். மாத்திரைக்குப் பிறகு, காரணம் கண்ணெதிரே கிடந்தபோது அழ முடியவில்லை.

இதற்காக மாத்திரையை வெறுக்கவும் என்னால் முடியாது. அது இல்லாமலிருந்தால் அன்று படுக்கையை விட்டு எழுந்து பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பேனா என்பதே நிச்சயமில்லை. அம்மாவைக் குளிப்பாட்ட இரண்டு குடம் தண்ணீர் தூக்கியிருக்க மாட்டேன். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் அதுதான், அழவிடாமல் செய்ததும் அதுதான். இரண்டில் எது பெரிது என்று டாக்டரோ கணவரோ சித்தியோ எனக்காக முடிவு செய்ய முடியாது. உயிரோடு இருப்பதே போதும் என்ற நாட்கள் எனக்கு இருந்தன. பிறகு, அது மட்டும் போதாது, அழவும் ஆசைப்படவும் வேண்டும் என்று கேட்கிற நாட்கள் வந்தன. அப்படிக் கேட்கத் தோன்றியதே குணமாகிவருவதன் அடையாளம் என்று நான் நம்புகிறேன்.

அதைக் கேட்க எனக்கு இன்னொரு டாக்டர் கிடைத்தார். முதல் நாளே "வீட்ல வந்தவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டும்" என்றார். பிறகு தூக்கம், பசி, எடை, தாம்பத்தியம், அழுகை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அளவை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்றார்.

எனக்குக் குறைப்பது என்றாலே பயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் கடைகள் திறக்கவில்லை, கையிருப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாயும். தலை சுற்றல், அடக்க முடியாத எரிச்சல். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். நான் சாப்பிட்ட பராக்ஸிடின் ரத்தத்திலிருந்து சீக்கிரம் வடிந்துவிடும் மருந்து, அதை நிறுத்தினால் உடம்பு உடனே முரண்டுபிடிக்கும். ஃப்ளுவாக்ஸிடின் போன்றது வாரக்கணக்கில் தங்கி மெல்ல விலகும். அளவைப் பாதியாக்கினால் மூளையில் அதன் வேலையும் பாதியாகிவிடாது என்று 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இருபது மில்லிகிராமிலிருந்து பத்துக்கு இறங்குவதைவிட ஐந்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது கடினம். ஆகவே கடைசிப் படிகள்தான் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். மெல்லக் கரையும் சிஆர் மாத்திரையை உடைக்கக் கூடாது என்பதால் டாக்டர் முதலில் சாதாரண மாத்திரைக்கு மாற்றினார். இப்போது பாதியாக வெட்டிச் சாப்பிடுகிறேன். முழுதாக நிறுத்துவோமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போன மாதம் டிசி வாங்க வந்த ஒரு மாணவி காலைத் தொட்டு வணங்கியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் மகளுக்கு இருபத்தொரு வயது. கோவையில் படிக்கிறாள். அவளுக்கு எஸ்சிட்டலோபிராம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். "அத்தை, நீங்க சாப்பிட்டது இதுதானா?" என்று ராத்திரி போன் செய்தாள். அதே வகைதான் என்று சொல்லி, எனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். சாப்பிட்டபிறகு போடு, வயிறு கொஞ்ச நாள் புரட்டும், தானாக நிறுத்தாதே என்றேன். உன் வயதில் உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாவு பற்றிய நினைப்பு கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2007-லிருந்து எச்சரிக்கிறது, அப்படி ஏதாவது தோன்றினால் மணி என்னவென்று பார்க்காதே, என்னைக் கூப்பிடு, இல்லாவிட்டால் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கூப்பிடு என்றேன். உடம்பின் ஆசையும் மாறலாம், அது உன் குறை அல்ல, டாக்டரிடம் சொல்லலாம் என்றும் சொன்னேன்.

கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதையெல்லாம் பேசலாமா என்று அண்ணி கேட்டார். பேசித்தான் ஆக வேண்டும் அண்ணி, அடுத்த முறை டாக்டர் அறைக்குள் அவளைத் தனியாக அனுப்புங்கள் என்றேன்.