வாணி வழித்தங்கும் இரவு

நெடுந்தூரம் நடந்தவர்களுக்குக் கடைசி இரவில் தூக்கம் பிடிக்காது. உடம்பு படு படு என்று கெஞ்சும். மனமோ மறுநாள் போய்ச் சேரவேண்டிய ஊருக்குள் முன்பே நுழைந்து அலைந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அந்த இரவு கைநழுவிப் போய்விடும். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நவராத்திரிச் சாமிகளோடு நடப்பவர்களுக்கு அந்த இரவு நெய்யாற்றின்கரையில் வாய்க்கிறது. அதை மட்டும் நழுவ விடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சாமிகள் யார் என்று பாருங்கள்! பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. சரஸ்வதி யானைமேல் வருவாள். மற்ற இருவரும் பல்லக்கில். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் திருவிதாங்கூர் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். வாள் முன்னே போகும், சாமிகள் பின்னே. தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு, அங்கே நடக்கும் நவராத்திரிக்கு அம்மை ஆண்டுதோறும் எழுந்தருள வேண்டியதாயிற்று. 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயில், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில், மூன்றாம் நாள் மாலை திருவனந்தபுரம் கோட்டை.

கம்பர் கைதொழுத சரஸ்வதி இவள், அவரே சேர மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். எனக்கு அதற்குச் சான்று வேண்டியதில்லை. தமிழுக்குச் சொல்லெடுத்துக் கொடுத்தவள் என்ற நினைப்போடு யானையின் பின்னால் நடக்கும்போது தார்ச்சாலை சுடுவது காலுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 முதல் அங்கே ஓர் எல்லை இருக்கிறது: இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். சாமிகளுக்கு இரண்டு மாநிலக் காவலர்களும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். எல்லை தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது, கூட்டத்தின் பேச்சு மாறுவதில்லை. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று வழிநெடுக வீட்டு வாசல்களில் நிலவிளக்கும் நிறைபறையும் பூத்தட்டும். பாறசாலையில் ஒரு பாட்டி சம்பாரச் சொம்போடு நின்றிருந்தாள். "நடந்தா வாறிய மக்களே? ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன். இஞ்சியும் கறிவேப்பிலையும் நாரத்தை இலையும் மணத்த அந்த மோர் அம்மையின் பிரசாதம் அல்லாமல் வேறென்ன? சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. யானைமேல் இருந்தவளையே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாறசாலை என்றதும் கும்பிடத் தோன்றும் பெயர் ஒன்று உண்டு. பொன்னம்மாள். 1924-ல் பிறந்தவர், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் பெண். சரஸ்வதி போய் அமரும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் தலைமுறைகளாக இல்லை. அந்தக் கதவு 2006-ல் திறந்தது. உள்ளே முதலில் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. 2017-ல் பத்மஸ்ரீ வந்தது, 2021-ல் மறைந்தார். பாட்டுக்குத் தலைவியான அம்மை ஆண்டுதோறும் பாறசாலை வழியாகவே போய்க்கொண்டிருந்தாள். அந்த ஊரின் மகள் ஒருத்தி அவள் சந்நிதியில் வாய் திறந்து பாட அத்தனை காலம் ஆயிற்று. ஆனால் பாடினார்! அம்மை அந்தக் குரலைக் கேட்காமல் விடவில்லை.

அமரவிளை தாண்டி, பொழுது சாயும் வேளைக்கு நெய்யாற்றின்கரை. பஞ்சவாத்தியம் முழங்க, தாலப்பொலி ஏந்திய பெண்கள் இருபுறமும் வர, சாமிகள் கண்ணன் கோயிலுக்குள் இறங்குகிறார்கள். கையில் வெண்ணெயோடு நிற்கும் பிள்ளை அவன். வழிப்போக்கர்களாக வந்த மூவருக்கும் அவன் வீட்டில் இடம். இதே வளாகத்தில்தான் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. பகைவர் துரத்த, மார்த்தாண்ட வர்மா இந்தப் பலாமரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தான் என்பது மரபு. பிழைத்தவன் அரசனாகி, கண்ணனுக்கு இங்கே கோயில் எழுப்பினான். 1750 ஜனவரியில் நாட்டையே திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக வைத்தான். மூச்சடக்கி ஒருவன் ஒளிந்திருந்த இடத்தில், சங்கும் முழக்கமுமாக வாணி வந்து தங்குகிறாள். அந்தப் பலாவின் முன் நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இனிதான் அந்த இரவு. கஞ்சியும் பயறும் கிடைத்த அளவுக்குச் சாப்பிடுங்கள். கால்களை நெய்யாற்றுத் தண்ணீரில் நனையுங்கள். பிறகு கோயிலுக்கு எவ்வளவு அருகில் இடம் கிடைக்குமோ அவ்வளவு அருகில் உட்காருங்கள். மறுநாளைப் பேசாதீர்கள், கடந்த தூரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா, நீயும் நடந்து வந்தவள், நானும் நடந்து வந்தவன்! அரண்மனையில் நீ அரசகுலத்தின் தெய்வம். நாளை மண்டபத்தில் ஏடுகளும் வாத்தியங்களும் சூழ அமர்ந்திருப்பவள். இன்று ஓர் இரவு மட்டும் நீ வழியில் இருக்கிறாய். வழியில் இருப்பவளிடம் வழியில் இருப்பவன் பேசக் கூச்சம் ஏது? கேட்க ஒன்றும் தோன்றவில்லை. வார்த்தை வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லச் சொல்ல நாக்கு இனித்தது, நெஞ்சு விம்மிற்று, எந்நேரம் விடிந்தது என்று தெரியவில்லை. மன்னர் சுவாதித் திருநாள் வகுத்த முறைப்படி மண்டபத்தில் முதல் நாள் சங்கராபரணம், அடுத்த நாள் கல்யாணி. அவை தொடங்கும் முன்பே அவ்வளவு சங்கீதமும் அந்த இரவுக்குள் நிறைந்திருந்ததை நான் உணர்ந்தேன். ஆனந்தம் என்பதற்கு வேறு அடையாளம் எனக்குத் தெரியாது.

விடிந்ததும் பாலராமபுரம், நேமம், கரமனை. அங்கிருந்து குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் வருவார். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக்கும், முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கும் பிரிவார்கள். விஜயதசமிக்கு வேலவன் பூஜைப்புரையில் பள்ளிவேட்டை முடித்தபின் மூவரும் வந்த வழியே திரும்புவார்கள்.

முழு வழியும் நடக்க உடம்பு இடம் தராதவர்கள் களியக்காவிளையில் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை ஒரு நாள் நடையில் அடங்கிவிடும். நவராத்திரிக்கு முன்னால், பத்மநாபபுரத்தை ஒட்டிய தக்கலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் புறப்படும் நாளைச் சொல்வார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த இரவில் அவர்களைச் சீக்கிரம் தூங்கச் சொல்லாதீர்கள்.