நோ தணிந்ததா?



குணமாக்க முடியாத நோயுற்ற தாயை மாங்கேணியிலிருந்து அந்திமகாலப் பராமரிப்பு இல்லமொன்றில் சேர்க்க நேர்ந்தால், முதலில் எதைப் பார்ப்பீர்கள்? சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபத்தையா? அது மட்டும் போதாது. அன்னை தெரேசா 1952-இல் கல்கத்தாவில் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்திலேயே வலுவான நோ தணிப்பு மருந்துகள் இல்லையென்று 1994-இல் லான்செட் மருத்துவ இதழ் குறை கூறியது. லண்டனில் 1967-இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரோ, நோ திரும்புமுன்பே நேரந்தவறாது மோர்பின் கொடுக்கச் செய்தார். இத்தகைய மருந்து பாவமல்ல என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957-இலேயே போதித்தார்.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெய் வார்த்தார். சாவடிக்குத் திரும்பி வருவதாகவும் சொன்னார். நீங்களும் முன்னறிவிப்பின்றி ஒருநாள் சென்று கேளுங்கள்: "அம்மா, ராவு நோவில்லாம நித்திரை வந்ததா?" அவர் தரும் பதிலைக்கொண்டே அந்த இல்லத்தை நிதானியுங்கள்.