எட்டாம் படியில் ஏறுமுன்

பொருளீட்டுவது இல்லறத்தார்க்கு உரிய கடமை. ஈட்டுவதை எங்கே நிறுத்துவது என்று அறிவது அதனினும் அரிய கடமை. முதற்கடமையை நம் பிள்ளைகளுக்கு நாம் நன்றாகவே கற்பித்திருக்கிறோம். இரண்டாவதைக் கற்பித்தோமா என்னும் ஐயம் அண்மையில் நமக்கு எழுந்தது.

விருதுநகரில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தபோது, நம் சமூகத்தைச் சேர்ந்த இளந்தம்பதியரைச் சந்தித்தோம். இருவரும் பெங்களூரில் கணினித் துறையில் உயர்ந்த ஊதியம் பெறுபவர்கள். வருவாயில் பாதிக்கு மேல் சேமித்துப் பங்குகளிலும் வைப்பு நிதிகளிலும் முதலீடு செய்கிறார்கள். சொந்தக் கார் இல்லை. வீண் ஆடம்பரம் எதுவும் இல்லை. 45 வயதில் இருவரும் வேலையை விட்டு ஓய்வு பெறவேண்டும் என்பது அவர்கள் திட்டம். "அதன்பின் கோயில் பணி, தொண்டு என்று மனம்போல் வாழலாம்" என்றார் கணவர். மனைவி சற்றுத் தயங்கி, "இது பொருளைச் சேர்ப்பதா, பொருளாசையை விடுவதா என்று எனக்கே தெரியவில்லை மாமா. நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை எனக் கொள்ளலாம்.

அவர்கள் பின்பற்றும் கணக்கு எளியது. ஓராண்டுச் செலவைப்போல் 25 மடங்கு முதல் சேர்ந்துவிட்டால், அதில் நூற்றுக்கு நான்கு வீதம் முதலாண்டில் எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டு வாழலாம் என்பது அது. வில்லியம் பெங்கன் என்னும் அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த விதி இது. அவர் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களைக் கொண்டு, 30 ஆண்டு ஓய்வுக் காலத்திற்குக் கணித்தார். 45 வயதில் ஓய்வு பெறுபவர் இன்னும் 40 ஆண்டுகள் வாழக்கூடும்; நம் நாட்டு விலைவாசி ஏற்றமும் வேறு. எனவே 25 மடங்கு போதாது என்று கருதி, பலரும் அதனை உயர்த்திக்கொள்கின்றனர்.

இத்தம்பதியரும் அவ்வாறே செய்தனர். ஆண்டுச் செலவு 12 லட்சம் என்று கொண்டு 3 கோடி ரூபாயை இலக்காக வைத்தார்கள். நீண்ட ஆயுளைக் கருதி 35 மடங்கு என்று மாற்றியபோது அது 4 கோடியே 20 லட்சமாயிற்று. மருத்துவமும் மகளின் கல்வியும் சேர, நாம் சந்தித்த நாளில் 5 கோடியில் வந்து நின்றது. இக்காரணங்களில் எதனையும் நாம் குறை கூறமாட்டோம். முதுமையில் பிறர்க்குச் சுமையாகாதிருக்க விரும்புவது நேர்மையான விருப்பமே. ஆயினும், ஒரு கருத்தை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். பேராசை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் வாயிலில் வந்து நிற்பதில்லை. முன்யோசனை, குடும்பப் பொறுப்பு என்னும் நல்ல பெயர்களோடுதான் வருகிறது.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்தாம் அணுவிரதமும் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. நிலம், வீடு, பொன், தானியம் முதலியவற்றில் இவ்வளவு போதும் என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்டதில் விருப்பம் கொள்ளாதிருத்தலே மிகுபொருள் விரும்பாமை. தம்பதியரின் எண்ணும் விரதத்தின் எண்ணும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் நோக்கம் வேறு. அவர்கள் எண், "இதற்குக் குறையக் கூடாது" என்கிறது. விரதத்தின் எண், "இதற்கு மேல் வேண்டாம்" என்கிறது. முன்னது தரை, பின்னது கூரை. தரையை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சம் தீர்வதில்லை. கூரையை அமைத்தவனுக்கே வீட்டில் உறக்கம் வரும்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்கள் பலவற்றில் காணலாம். வாகன விலங்குகளை அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்தல், பிறர் செல்வம் கண்டு வியந்து ஏங்குதல், உலோபம், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல் என்பன அவை. இவ்வைந்தில் இரண்டு, பொருளைப் பற்றியன அல்ல. பொருளுக்காகத் துன்புறும் உயிர்களைப் பற்றியன என்பதை அன்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் அவ்வுயிர் எருது. இன்று இரவும் பகலும் ஓயாமல் தம்மையே ஓட்டிக்கொள்ளும் கணவனும் மனைவியும் அதே சுமையைத் தம் முதுகில் ஏற்றிக்கொள்கின்றனர்.

தொழிலிலிருந்து விலகுவதை நம் சமயம் தடுப்பதில்லை. இல்லறத்தான் ஏறவேண்டிய பதினொரு படிகளுள் எட்டாவது, ஆரம்பத் தியாகம். பணி, உழவு, வாணிகம் ஆகியவற்றை விடுவதே அந்நிலை. ஆனால் அதற்கு முன் ஏழு படிகள் உள்ளன. நற்காட்சி, விரதங்கள், சாமாயிகம், உபவாசம், உயிருள்ள பச்சைப் பொருள்களை உண்ணாமை, இரவுணவு பற்றிய கட்டுப்பாடு, பிரமசரியம் என ஒவ்வொன்றாக வேட்கை சுருங்கிய பின்னரே தொழில் விடப்படுகிறது. விடுவதற்குக் கூறப்படும் காரணமும் நோக்கத்தக்கது. தொழிலில் நேரும் உயிர்க்கொலையிலிருந்து நீங்குவதற்காகவே அது விடப்படுகிறது. தன் சுகத்திற்காக என்று எங்கும் கூறப்படவில்லை. ஏழு படிகளைத் தாண்டிக் குதித்து எட்டாம் படியில் நிற்க விரும்புபவர், வேலையை விட்டாலும் வேட்கையை உடன் கொண்டே செல்வார்.

திருமணம் முடிந்து சிவகாசி வழியே திரும்பினோம். மழை குறைந்த அவ்வறண்ட நிலத்தில் பட்டாசு ஆலைகளின் சிறு சிறு அறைகள் ஒன்றற்கொன்று எட்ட எட்ட நின்றன. ஓர் அறை வெடித்தால் மற்றது தப்ப வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்த விபத்துகளை நாடு அறியும். அங்கே பெரும்பாலோர்க்கு எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. மழை பெய்தால் வேலை நிற்கும். தீபாவளி கழிந்தால் சில வாரம் ஆலை மூடப்படும். அவர்கள் அறிந்த ஓய்வு, கூலியில்லாத நாள் ஒன்றே. மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளி நாளில் நாம் பட்டாசு வெடிப்பதில்லை என்று மனநிறைவு கொள்கிறோம். அன்று விளக்கேற்றும் தீக்குச்சியும் அவ்வட்டாரத்துக் கைகள் செய்ததாக இருக்கக்கூடும்.

அதே சிவகாசியின் பொருட்டு மற்றொரு கணக்கும் எழுதப்பட்டது. ஆலைகளில் சிறுவர் உழைப்பதைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறுவனுக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்லும்வரை வட்டி அக்குடும்பத்திற்கு உரியது என்பது அதன் சாரம். முதலைத் தொடாமல் வட்டியால் உழைப்பிலிருந்து விடுதலை பெறுவது! பெங்களூர்த் தம்பதியரின் 5 கோடிக்கும் இந்த 25,000 ரூபாய்க்கும் கணக்கு ஒன்றே. எவருக்கு ஓய்வு, எதிலிருந்து ஓய்வு என்பதில்தான் வேறுபாடு.

வேலையை விட்டபின் நம் பணம் நமக்காக உழைக்கும் என்பர். பணம் உழைப்பதில்லை, எங்கோ மனிதர் உழைக்கின்றனர். நாம் பெறும் ஈவுத்தொகையில் அவர்கள் வியர்வையும் ஒரு பங்கு. எனவே தொண்டு செய்வதை 45 வயதிற்குத் தள்ளிவைப்பது முறையாகாது. விருதுநகர் வணிகர் இதனை நமக்குக் கற்பிக்கின்றனர். அவ்வூர் நாடார் உறவின்முறையினர், செல்வம் குவிந்தபின் கொடுப்போம் என்று காத்திருக்கவில்லை. வணிகம் நடக்கும்போதே அதில் ஒரு சிறு பகுதியை மகிமை என்று பொதுநிதிக்கு ஒதுக்கினர். 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்காக இல்லந்தோறும் பெண்கள் உலையில் இடுமுன் பிடி அரிசி எடுத்து வைத்தனர். காமராசர் பயின்ற பள்ளி அது.

ஆகவே அந்தத் தங்கைக்கு நாம் கூறும் விடை இது: சேமியுங்கள், ஓய்வும் பெறுங்கள். ஆனால் உங்கள் எண்ணை இனி இலக்கு என்று கருதாமல் எல்லை என்று கருதுங்கள். வரும் தீபாவளி நாளில் இருவரும் ஜினாலயத்தில் அமர்ந்து அதனை ஒருமுறை எழுதி, இனி மாற்றுவதில்லை என உறுதி கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவது உங்களுடையது அன்று. அதற்குக் கீழே இருக்கும்போதே மாதந்தோறும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். உழைக்கும் ஏதோ ஒரு குழந்தைக்கு அது ஓய்வாகட்டும். எல்லை எட்டுமுன் வேட்கை சுருங்கிவிட்டால், எண்ணிய வயதிற்கு முன்னரே உங்கள் ஓய்வு தொடங்கிவிட்டது என்று அறிக. சுருங்காவிடில், எத்தனை கோடி சேர்ந்தாலும் அது தொடங்காது.

இவ்வறிவுரை இளையோர்க்கு மட்டும் உரியதன்று. நம்முள் எத்தனை பேர் இதுவரை அவ்வெண்ணை எழுதியிருக்கிறோம்? சிந்திப்போமாக.