மோகினிக்கு மீசை உண்டா?

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் மூலவருக்கு மீசை உண்டு. வேங்கடகிருஷ்ணன் என்று பெயர். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் என்பதால் கையில் சக்கரம் கிடையாது, சங்கு மட்டும். பக்கத்தில் ருக்மிணி, அண்ணன், தம்பி, பிள்ளை, பேரன் என்று குடும்பமே நிற்கிறது. உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் தழும்புகள் இருக்கும். குருக்ஷேத்திரத்தில் தேரோட்டிக்கொண்டிருந்தபோது பீஷ்மர் விட்ட அம்புகள் பட்ட இடம் என்பார்கள். அந்தக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்தான் நான் ரவிக்கை தைக்கிறேன்.

திருநங்கையாக இருந்துகொண்டு இந்தப் பெருமாளைச் சேவித்தால் ஒரு சந்தேகம் வராமல் போகாது. இதே கண்ணன்தான், இதே குருக்ஷேத்திரத்தில், களப்பலியாகப் போகிற அரவானுக்காக ஒரே ஒரு இரவு மோகினியானான். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் நாங்கள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது அந்த இரவை நம்பித்தான். அப்போது இந்த மீசை எங்கே போயிற்று? கதை சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. தெய்வத்துக்கு நினைத்தால் போதும், வடிவம் மாறிவிடும். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் ஒய்யாரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பட்டு, கொண்டை, நகை இவ்வளவில் வேலை முடிந்துவிடும்போலத் தோன்றும். எங்களுக்கு முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை என்பதை உடற்கூறு பச்சையாகச் சொல்கிறது. பருவத்தில் ஊறுகிற ஆண் ஹார்மோன் முகத்துப் பூனைமுடியைக் கறுத்த, தடித்த முடியாக மாற்றிவிடுகிறது. மாற்றியது மாற்றியதுதான். பிறகு ஆண் ஹார்மோனை அடக்கி ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் தோல் மிருதுவாகும், மார்பு வளரும், கைகால் முடிகூடக் காலப்போக்கில் மெலியும். தாடி மட்டும் கொஞ்சம் நிதானிக்குமே தவிர வேரை விடாது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் அப்படித்தான். ஊரில் ஆயிரம் பேர் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்பார்கள். அது புடவைக்குள் இருக்கிற விஷயம். தாடை தெருவில் இருக்கிறது.

என்னிடம் வெகுநாளாகத் தைக்கக் கொடுக்கிற மாமி ஒருத்தர் இருக்கிறார். கீதை வகுப்புக்குப் போகிறவர், நல்ல மனசு. தாடைக்கு லேசர் எடுத்துக்கொண்டு சிவந்த முகத்தோடு நான் மிஷினில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் கேட்டார்: “ஏண்டிம்மா, ஆத்மாவுக்கு ஆணேது பெண்ணேது? இந்த உடம்பு வெறும் சட்டைன்னுதானே பகவான் சொல்றார். சட்டையில ரெண்டு நூல் நீட்டிண்டிருந்தா அதுக்குப் போய் இத்தனை காசும் வலியுமா?”

“மாமி, போன வாரம் கம்புக்கூட்டுல ஒரு சுருக்கம் விழுதுன்னு இதே ரவிக்கையை ரெண்டு தரம் திருப்பிக் கொடுத்தீங்களே” என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் விடவில்லை, மனசுக்குள். ஏனென்றால் கேள்வி நல்ல கேள்வி. ஆத்மாவுக்குப் பால் இல்லை என்றால் நான் எதைச் சரிசெய்கிறேன்? யாருக்காக?

இதோடு பிறந்தது இன்னொரு கேள்வி: ஆண்டவன் கொடுத்த உடம்பில் கைவைக்கலாமா? இதை என்னிடம் எல்லா மதத்தாரும் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. முடி விஷயத்தில் மதங்கள் ஆண்டவன் கொடுத்ததை விதி வைக்காமல் சும்மா விட்டதில்லை. சீக்கியர் வெட்டாமல் வைப்பதை விரதமாக்கினார்கள், முஸ்லிம்கள் எங்கே களைய வேண்டும் எங்கே வளர்க்க வேண்டும் என்று வகுத்தார்கள். பழனியிலும் திருப்பதியிலும் மலைமலையாகக் கொடுக்கிறோம். செஞ்சிப் பக்கத்து ஆள் நான். எனக்கு முதல் மொட்டை மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னதியில், காதுகுத்தோடு. அழுதேனாம். கொடுத்ததைக் கழிக்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

முடி ஒன்றுதான். அதை யார் கழிக்கிறார், யாராகக் கழிக்கிறார் என்பதில்தான் புண்ணியமும் பாவமும் பிரிகின்றன. அப்பா செத்தபோது இதை முழுசாகப் பார்த்தேன். மூத்த பிள்ளைதான் மழித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றார் பெரியப்பா. நான் புடவையில், பெண்களோடு நின்றிருந்தேன். தண்ணீர்க் கிண்ணமும் கத்தியுமாக முடிதிருத்துகிற பெரியவர் காத்திருந்தார். தொழில்காரர் பார்வை. என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “இங்க மழிக்க என்ன இருக்கு சாமி?” என்று பெரியப்பாவிடம் கேட்டார். கேலியே இல்லை அதில். “தலையில இருக்கே” என்றார் பெரியப்பா. அதற்குள் என் தம்பி பேசாமல் போய் மணையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பாவுக்காக என் முடி முழுவதையும் கொடுக்க எனக்குத் தடை இருந்ததில்லை. மகனாகக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். மகளாகக் கொடுக்க வழியில்லை என்றார்கள். கருமாதி முடிந்து மேல்மலையனூர் போய்ப் பூமுடி கொடுத்துவிட்டு வந்தேன். அங்காளம்மன் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை, பூசாரியும் கேட்கவில்லை.

மாமியின் கேள்விக்குப் பதில் தேடும்போது எனக்கு நினைவு வருவது கீதை அல்ல, எங்கள் பக்கத்துச் சமணர்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. சின்ன வயதில் ஒரு திகம்பர முனிவர் கேசலோசனம் செய்ததைக் கூட்டத்தோடு நின்று பார்த்திருக்கிறேன். கத்தி இல்லை, தண்ணீர் இல்லை. சாம்பலைத் தொட்டுத் தொட்டு, தலைமுடியையும் தாடியையும் தன் கையாலேயே கொத்துக்கொத்தாகப் பிடுங்கினார். மகாவீரர் துறவு பூண்டபோது ஐந்தே பிடியில் முடியைப் பறித்தார் என்பது அவர்கள் மரபு. இன்றைய துறவிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்கிறார்கள். பெண் துறவிகளும் செய்கிறார்கள். நம் அப்பர் தருமசேனராகச் சமணத்தில் இருந்த காலத்தில் இதைச் செய்தவர்தான். சைவத்துக்குத் திரும்பிய பிறகு அதை எண்ணி நொந்து பாடினார். அவர் நொந்தது அவர் பாடு. நான் கூட்டத்தில் நின்று வியந்தது, அந்த முனிவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை என்பதை.

பின்னாளில் திருநங்கைகளின் குடும்பமான ஜமாத்தில் சேர்ந்தபோது அதே காட்சியை வேறு இடத்தில் பார்த்தேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்ந்து, ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் பிளக்கர். என் குரு பிளேடைத் தொட விடமாட்டார். “பிளேடு வச்சா ஆம்பள, புடுங்குனா பொம்பள” என்பது அவர் சித்தாந்தம். மழித்தால் முடி தடிக்கும் என்று நம்பினார். அப்படியெல்லாம் தடிக்காது, வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் குத்துகிறது, அவ்வளவே. நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்குகிற சடங்கு, செய்துகொண்டவள் நாற்பது நாள் முகத்தில் முடியை வளரவிட்டு, நாற்பதாம் நாள் அதைப் பிடுங்கி, மஞ்சள் பூசிக் குளித்து, மணப்பெண்போல் வெளியே வருவது எங்கள் பழைய முறை. ஆக எங்களிடமும் இது வெறும் அலங்காரமாக இருந்ததில்லை, தீட்சையின் ஒரு பகுதியாகவே இருந்தது. கழுத்தெல்லாம் கருந்திட்டும் உள்ளே சுருண்ட முடியும் மிச்சமானதும் அந்த முறையால்தான்.

சமண முனிவர் பிடுங்கியது உடம்பு தன்னுடையது இல்லை என்று காட்ட. நாங்கள் பிடுங்கியது உடம்பைத் தன்னுடையதாக்க. நேரெதிர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தையல்காரி வேலையை யோசித்துப் பாருங்கள். கழுத்துச் சுற்றளவு எடுக்கும்போது வந்தவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. காலையில் மழித்த தாடை சாயங்காலத்துக்குள் பச்சை பாய்ந்துவிடும். அதை மறைக்க முதலில் சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தாடையெல்லாம் தேய்த்து, அதன்மேல் ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர். பச்சையைச் சிவப்பு அடக்கும் என்பது எங்கள் ரசாயனம். வியர்த்தால் ரவிக்கைத் துணியில் கறை. அளவு எடுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்பேன். கோயிலில் கண்ணை மூடினால் கை தானாகத் தாடைக்குப் போகும். பெருமாள் மீசையைப் பார்த்தாலும் என் மீசைதான் நினைவு வரும். இதுவும் ஒருவகைத் தியானம்தான்: நாள் முழுக்க, ஒரே பொருளில், ஒரு விரல்கடை அகலத் தோலில்.

லேசர் பல மாதம் நடந்தது. ஒருமுறைக்கும் அடுத்ததற்கும் சில வாரம் விட்டுத்தான் செய்வார்கள், வளர்கிற நிலையில் இருக்கிற முடியில்தான் சூடு வேருக்குப் போகும் என்பதால். ரப்பர் பேண்டை இழுத்து அடித்த மாதிரி வலி, தீய்ந்த முடி நாற்றம். அதற்கெல்லாம் பிறகு ஒரு நாள் ராத்திரி கடையைச் சாத்தும்போது உணர்ந்தேன், அன்று காலையிலிருந்து தாடை என்ற ஒன்று என் ஞாபகத்திலேயே இல்லை. ஆறேழு பேருக்கு அளவு எடுத்திருந்தேன். ஒருத்தியின் மகள் கல்யாணத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தேன். உடம்பு குறுக்கே வரவில்லை.

மாமி சொன்ன ஆத்மாவை நான் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். உடம்பு நானில்லை என்று சொல்வது எளிது, உடம்பு தொந்தரவு செய்யாமல் இருக்கிறவர்களுக்கு. அவர்கள் பிறந்ததிலிருந்து மறந்தே இருக்கிறார்கள், அதனால் கடந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கு மறப்பதற்கே இத்தனை நாளும் காசும் ஆயிற்று. லேசர் எனக்கு உடம்பின் மேல் பற்றைக் கூட்டவில்லை, குறைத்தது. அந்தத் திகம்பர முனிவரும் முடி தன்னை நினைவூட்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்றுதான் பறித்தார். வழி வேறு. தொல்லை ஒன்று.

பார்க்கிறவர் கண்ணைத் திருத்தாமல் உன் தாடையை ஏன் திருத்துகிறாய் என்று படித்த தோழிகள் கேட்கிறார்கள். நியாயம் இருக்கிறது. பிசிஓடி உள்ள எத்தனையோ பெண்கள் என் கடைக்கு வருகிறார்கள், முந்தானையால் மோவாயை மறைத்துக்கொண்டு. அவர்களை இந்தப் பாடுபடுத்துவது முடி அல்ல, ஊர்தான். ஆனால் என் விஷயம் அதோடு முடிவதில்லை. மின்சாரம் போன இருட்டில், யாருமில்லாத குளியலறையில், முகத்தில் தண்ணீர் அடிக்கும்போதும் என் கைக்கு அது தெரிந்தது. அங்கே ஊர் இல்லை.

அதே சமயம் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஜமாத் முறையில் மகள். கொஞ்ச நாள் லேசர் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். காசு ஒரு காரணம். மற்றது, “எனக்கு இது போதும்மா, இப்ப இது என்னை ஒண்ணும் பண்ணல” என்றாள். நிழல் விழுந்த தாடையோடு, பொட்டு வைத்து, பஸ்ஸில் போய் வருகிறாள். பெரியவர்கள் திட்டினார்கள். நான் திட்டவில்லை. மறப்பதுதான் குறி என்றால், முடியை வைத்துக்கொண்டே மறந்தவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். உடலின் பால் ஒன்று, உள்ளத்தின் பால் ஒன்று என்று சமண நூல்கள் பிரித்து வாதாடியிருக்கின்றன. பெண்ணுக்கு முக்தி உண்டா என்று திகம்பரரும் சுவேதாம்பரரும் பல நூற்றாண்டு மோதினார்கள். மல்லி என்ற தீர்த்தங்கரரை ஒரு சாரார் பெண் என்கிறார்கள், ஒரு சாரார் ஆண் என்கிறார்கள். தாடை வழவழப்பாக இருந்தால்தான் பெண் என்று அந்தச் சண்டையில்கூட யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

மோகினிக்கு மீசை இருந்ததா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இருந்திருந்தாலும் அரவான் தாலி கட்டியிருப்பான்.

இனி, இந்தப் பாதையில் இறங்குகிற தங்கைகளுக்குக் கொஞ்சம் நடைமுறைப் பேச்சு. வேண்டும் என்றால் செய்யுங்கள், வேண்டாம் என்றால் யாருக்காகவும் செய்யாதீர்கள். செய்வதானால் சில வாரம் முன்பே பிளக்கர், நூல், வேக்ஸ் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் பிடிக்கும், மழிப்பது மட்டும் சரி. நம் கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர்தான் கூடுதல் பாதுகாப்பானது. நான் முதலில் போன ஒரு பார்லரில் தோலைப் பார்க்காமலே சுட்டுத் தாடையில் தழும்பாக்கினார்கள், பீஷ்மர் அம்பு பட்ட மாதிரி. அதனால் தோல் மருத்துவரிடமே போங்கள், எந்த மிஷின் என்று கேளுங்கள், பதில் சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நரைத்த முடியை லேசர் பார்க்காது. அதற்கு ஊசியை வேரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிற எலக்ட்ராலிசிஸ்தான் வழி. இமைமுடி உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்துகிறவர்களுக்காக 1875-இல் அமெரிக்காவில் ஒரு கண் மருத்துவர் எழுதிவைத்த முறை அது. ஒவ்வொரு முடியாகத்தான் எடுப்பார்கள், பொறுமை வேண்டும். எனக்கு மோவாயில் இன்னும் சில வெள்ளை முடி பாக்கி இருக்கிறது. தீபாவளித் தையல் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.