கோட்டுக்கு வெளியே நிற்பவர்



பந்தாட்டத்தில் கோல் போட்டவனை ஊரார் தோளில் தூக்குவார்கள். அவனைப் பழக்கியவரோ சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்பார். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி இன்று சற்றே சிந்திப்போம்.

1960-ம் ஆண்டு ரோமாபுரியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. கால்பந்தில் நம் இந்தியக் குழு ஹங்கேரியிடம் 2-க்கு 1 என்று தோற்றது. பிரான்சோடு 1-க்கு 1 என்று சமன் செய்தது. கடைசி ஆட்டம் பெரு தேசத்தோடு. தோல்வி நிச்சயமாகிவிட்டது, ஆட்டமும் முடியும் தறுவாய். அப்போதும் ஓயாமல் ஓடி ஒரு கோல் போட்டார் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ். 3-க்கு 1 என்று தோற்றோம். ஆயினும் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுவே.

பழைய புகழைச் சொல்லிக்கொண்டு அவர் திண்ணையில் உட்காரவில்லை, பிறரைப் பழக்கினார். 1973-ம் ஆண்டு எர்ணாகுளத்தில் கேரளக் குழு ரயில்வே குழுவை 3-க்கு 2 என்று வென்று, முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மூன்று கோலையும் போட்டவர் குழுத் தலைவர் மணி. பயிற்சியாளர் சுந்தரராஜின் பெயர் கோல் கணக்கில் இல்லை. ஆனால் அவர் உழைப்பு அந்த வெற்றியில் இல்லையென்று யார் சொல்லக்கூடும்?

ஸ்நாபக அருளப்பரை நினைத்துப் பாருங்கள். திரளான ஜனங்கள் அவரைத் தேடி யோர்தான் நதிக்கு வந்தார்கள். ஆயினும் சேசுநாதர் வந்தபோது, தம் சீஷரான பெலவேந்திரருக்கு அவரையே சுட்டிக்காட்டினார். சீஷர் தம்மை விட்டுப் போனதற்காக அவர் முகம் வாடவில்லை.

நம்மிடையே எப்படி? பத்து வருஷம் திருவிழாவை நடத்தியவர், பொறுப்பு இளைஞர் கைக்குப் போனால், மறு வருஷம் தேர் வடத்தைத் தொடமாட்டேன் என்கிறார். பாடற்குழுவில் புதுக்குரல் சேர்ந்தால் பழைய குரலுக்குப் பூசையே கசந்துபோகிறது. சிறுவர் தப்பினால், "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று நகைக்கிறோம், அருகில் நின்று சொல்லிக்கொடுப்பாரைக் காணோம். பிறகு, பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லையென்று சுவாமியாரிடம் முறையிடுகிறோம்!

காணையிலிருந்து படிப்புக்கும் பிழைப்புக்கும் பிள்ளைகள் விழுப்புரம், சென்னை என்று போகிறார்கள். இங்கே செபிக்கப் பழகாத பிள்ளை அங்கே யாரிடம் பழகும்?

ஆகவே பெரியோரே, இந்த வாரம் ஒரு பிள்ளையை அருகழைத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு செபத்தையோ, ஒரு பாட்டையோ, பீடப் பணிவிடையையோ பொறுமையாய்க் கற்றுக்கொடுங்கள். பிறகு கோட்டுக்கு வெளியே நின்று, அந்தப் பிள்ளை செய்வதைக் கண்டு சந்தோஷப்படுங்கள். மறைவாய்ச் செய்த உழைப்பைச் சர்வேசுரன் மறப்பதில்லை. ஆமென்.