மது ஆலையின் கொடையும் மறுவாழ்வுப் படுக்கையும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு எண் வெளியானது: ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக 2024-25-இல் டாஸ்மாக் ஈட்டித் தந்தது 48,344 கோடி ரூபாய். செத்தவர் வீட்டுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. குடியை விட்டுவிடத் தவிக்கிறவருக்கு ஒரு படுக்கை போடத்தான் தொண்டு நிறுவனங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. அப்படி அலையும்போது, மது தயாரிக்கும் நிறுவனமே சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தருகிறேன் என்று முன்வந்தால் வாங்கலாமா?

வாங்கக் கூடாது. அரசிடம் கேட்கலாம்; கேட்டே ஆக வேண்டும். மது ஆலையிடம் கை நீட்டக் கூடாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து நிலையை எண்ணிப் பார்த்தால் இந்த உறுதியின் விலை தெரியும். நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த வட்டாரம். பக்கத்துச் சத்திரப்பட்டி, ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணியை நெய்து அனுப்புகிறது. விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-இல்தான். அதுவரை பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே போய்ச் சேரும் அரசு மருத்துவமனைக்கு, மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியின் பெயர்! குடியை நிறுத்துவதை மன உறுதி ஒன்றால் முடிகிற காரியமாக நினைப்பவர்கள் அந்த இரண்டாம், மூன்றாம் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். கை நடுங்கும், வலிப்பு வரும், சுவரோரம் யாரோ நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும், கவனிக்க ஆள் இல்லாவிட்டால் உயிரே போகலாம். ராத்திரி முழுக்க விழித்திருக்க ஒரு நர்ஸ் வேண்டும், தைமின் ஊசி வேண்டும், மனநல மருத்துவர் வேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று சுவரில் எழுதிப்போட்டு விற்கும் பொடிக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை.

ஆகவே, பணத்தின் பிறப்பை நோயாளியா விசாரிக்கப் போகிறார், வந்ததை வாங்கி உயிரைக் காப்பாற்றுங்கள் என்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் இரக்கம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வள்ளுவர் இரக்கத்தை இந்த வழியில் போகவிடவில்லை. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது வினைத்தூய்மை அதிகாரம். பிறரை அழவைத்துச் சேர்த்தது சேர்த்தவரை அழவைத்தே போகும் என்று அங்கேயே எச்சரிக்கிறார். நன்மையே தருவதானாலும் நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றே விட்டுவிடு என்பது நடுவுநிலைமையில். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். பசித்த புலவருக்கே கொடையின் முறை பார்க்கும் மானம் இருந்தது. (அதே சங்கப் பாட்டில் கள் பெருமையாகவே புழங்குகிறது, அதியமான் மறைந்தபோது ஔவை, அவன் கள்ளைப் பகிர்ந்ததைச் சொல்லியே அழுகிறாள். பழமையை வேண்டுமளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்ற குற்றச்சாட்டை ஏற்கத்தான் வேண்டும்.)

மது ஆலை தரும் பணத்தோடு ஒரு பலகையும் வரும். மது விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள நாட்டில், அந்த நிறுவனத்தின் பெயர் மறுவாழ்வு மையத்தின் வாசலில் ஏறினால், காசு கொடுத்தும் வாங்க முடியாத விளம்பரம் அதற்குக் கிடைக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே வரும் நோயாளியிடம், உன்னைக் கெடுத்தது எது என்று எந்த வாயால் பேசுவது?

அரசுப் பணமும் மதுப் பணம்தானே என்று மடக்குவார்கள். கஜானாவுக்குப் போனது நூற்பாலைத் தொழிலாளியின் வாரச் சம்பளம். அது சிகிச்சையாகத் திரும்பி வருவதில் யார் பெயரும் மினுங்குவதில்லை. அதோடு இது தயவும் அன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் மனநோய் என்றே வரையறுத்து, சிகிச்சையை உரிமை ஆக்கியிருக்கிறது. குறைந்தபட்ச சேவைகளை மாவட்டத்தில் அரசு தராவிட்டால், அதே மாவட்டத்தில் வேறு நிலையத்தில் ஆகும் செலவை அரசு ஏற்க வேண்டும் என்கிறது. இரவச்சம் பாடிய வள்ளுவரும் இப்படிக் கேட்பதை இரத்தல் என்று சொல்லமாட்டார். மானிய விண்ணப்பத்தில் 'கருணை கூர்ந்து' என்று எழுதும் வழக்கத்தை நம்மவர்கள் விட்டொழிக்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே தட்ட வேண்டிய கதவுகளும் உண்டு. ராம்கோ குழுமம் வளர்ந்த ஊர் ராஜபாளையம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். பொதுவாகவே பள்ளிக் கட்டடத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் கொடுப்பவர்கள், குடிநோயாளி வார்டு என்றால் தயங்குகிறார்கள். கல்வெட்டில் பெயர் போட அது தோதான இடம் இல்லை போலும். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த பி.எஸ். குமாரசாமி ராஜா பிறந்த ஊர். மதுவிலக்கு மாகாணம் முழுவதும் அமலில் இருந்தபோது முதல்வராக இருந்தவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ஆண்டாளே இருக்கிறாள். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில், நெய்யும் பாலும் விலக்குவதோடு, இயன்றமட்டும் ஈவதையும் நோன்பின் விதியாக வைத்தவள்.

அரசு கஜானாவில் பணமில்லை என்ற பதில் மட்டும் எடுபடாது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு போய்விட்டது. ஈடாக வந்த விற்பனை வரி போகவில்லை. உருமாறி இன்று ஜிஎஸ்டியாக மளிகைக்கடைச் சீட்டிலும் அச்சாகிறது. விட்டுக்கொடுத்த மது வருமானமும் பலமடங்காகத் திரும்பிவிட்டது. இப்படி இரண்டு வழியிலும் வசூலிக்கிற கஜானாவிடம்தான் ராஜபாளையத்துக்குப் பதினைந்து மறுவாழ்வுப் படுக்கை கேட்கிறோம்.